புகார் எழுதத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர்

வன்கொடுமை வழக்குகள் நீதிமன்றத்தில் தோற்பதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். ஆனால் பல வழக்குகள் முதல் இரண்டு நாட்களிலேயே, காவல் நிலைய வாசலிலும் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவிலும் பாதி தோற்றுவிடுகின்றன. அந்த இரண்டு நாட்களில் பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் வழக்கறிஞர் இருப்பதில்லை. தெருவில் நாலு எழுத்து படித்த ஒரு பையனோ பெண்ணோதான் இருப்பார்கள். அவர்களுக்கு நாம் என்ன சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறோம்?

முனைவர் பட்ட ஆய்வுக்காக இந்த வழக்குகளின் கோப்புகளைப் படித்துவருகிறேன். திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இது: அடிபட்டவரை இரவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். பணியில் இருக்கும் மருத்துவர் எத்தனை பேர், எதனால் அடித்தார்கள் என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார். பதற்றத்தில் இருக்கும் உறவினர் 'நாலு பேர்' என்கிறார். மறுநாள் புகாரில் ஆறு பேர். சில ஆண்டுகள் கழித்து, குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கையில் எடுப்பது அந்த ஏ.ஆர். காப்பியைத்தான்.

புகாரும் அப்படித்தான். 'சாதியைச் சொல்லித் திட்டினார்கள்' என்று ஒரே வரி இருக்கும். என்ன சொல்லித் திட்டினார்கள், எந்த இடத்தில், அங்கே யார் யார் நின்றார்கள் என்பது இருக்காது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் நிற்பதற்கு, அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது நடந்தால் இந்தக் குற்றம் ஆகாது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டீக்கடை முன்னால் பத்துப் பேர் பார்க்க நடந்த அவமானம், அந்தப் பத்துப் பேரைப் புகாரில் எழுதாததால் ஒன்றுமில்லாமல் போகிறது.

அப்புறம் சி.எஸ்.ஆர். ரசீது. அதை வாங்கிக்கொண்டு, வழக்குப் பதிவாகிவிட்டது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி தீர்ப்பு சொன்னது. வன்கொடுமை வழக்கில் முன்விசாரணை என்று இழுத்தடிக்கவும் முடியாது. 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு அந்தக் கதவையும் மூடியது. பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அதிகாரி வேண்டுமென்றே கடமையைச் செய்யாவிட்டால் 4ஆவது பிரிவில் அவருக்கே சிறைத்தண்டனை உண்டு. நிலையத்தில் வாங்க மறுத்தால் புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம். இதையெல்லாம் தெரிந்துகொள்ள எல்.எல்.பி. தேவையில்லை. சொல்லித்தர ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அரசிடம் இதற்கு ஒரு திட்டம் இருக்கிறது. தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2009இல் கொண்டுவந்த சட்டத் தன்னார்வலர் திட்டம். வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்து, விஷயத்தைப் புரிந்துகொள்ள முடிந்தால் போதும். நல்ல யோசனைதான். ஆனால் நான் பார்வையாளராக உட்கார்ந்திருந்த ஒரு பயிற்சியில் குத்துவிளக்குக்கும் வரவேற்புரைக்கும் போன நேரத்தைவிட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குக் கிடைத்த நேரம் குறைவு. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகப் போவதன் நன்மைகளுக்கு மட்டும் தாராளமாக நேரம் இருந்தது.

என் முக்கியமான சண்டை இந்த இடத்தில்தான். வேலித் தகராறுக்கும் விபத்து இழப்பீட்டுக்கும் சமரசம் நல்லது. சாதி வன்முறையில் சமரசம் என்பது பெரும்பாலும் இரண்டாவது தாக்குதல். ஊர்ப் பெரியவர்கள் வந்து 'பேசி முடிச்சிக்கலாம்' என்பார்கள். மறுத்தால் வயல்வேலை நிற்கும், கடையில் சாமான் தரமாட்டார்கள், இன்னொரு பக்கம் கவுன்டர் கேஸ் விழும். 2021இல் ராமாவதார் வழக்கில், சமரசத்தின் பேரில் சில வன்கொடுமை வழக்குகளை ரத்து செய்யலாம் என்று சொன்ன உச்ச நீதிமன்றமே, அந்தச் சமரசம் மிரட்டலில் பிறந்ததா என்று பார்க்கச் சொன்னது. எதைப் பேசி முடிக்கக் கூடாது என்று தெரியாத தன்னார்வலர், நல்ல மனதோடே ஊரின் தூதுவராகிவிடுவார்.

இன்னொன்று, 'தன்னார்வம்' என்ற சொல். ஒதுக்கப்பட்ட வேலை நாளுக்கு மதிப்பூதியம் உண்டு. நள்ளிரவு வரை காவல் நிலையத்தில் உட்கார்ந்திருப்பது எந்தக் கணக்கில் வரும்? கூலி வேலையை விட்டுவிட்டு வரும் பெண் எத்தனை நாள் வருவார்? அந்த இடத்தில்தான் நிவாரணத் தொகையில் கமிஷன் கேட்கும் புரோக்கர் நுழைகிறார். இந்த வேலைக்கு முறையான மாதச் சம்பளம் வேண்டும் என்று கேட்க வேண்டிய நேரம் இது.

அரசு செய்யட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். சட்டத்தின் 15ஏ(12) பிரிவு, பாதிக்கப்பட்டவர்கள் தொண்டு நிறுவனம், சமூகப் பணியாளர், வழக்கறிஞர் ஆகியோரின் உதவியைப் பெறுவது அவர்களின் உரிமை என்கிறது. 'நீ யாருய்யா நடுவுல?' என்ற கேள்விக்குப் பதில் அது.

நம் வாசிப்பு வட்டங்களில் இது எடுபடுவதில்லை. கோட்பாடு பேசுவது அரசியல், மனு எழுதுவது குமாஸ்தா வேலை என்ற ஒரு மிதப்பு நமக்கு உண்டு. (உடலுழைப்பைக் கீழே வைக்கும் புத்தி எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும்.) 1927இல் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. குளம் தங்களுடையது என்று சாதி இந்துக்கள் போட்ட வழக்கை அம்பேத்கர் தரப்பு பத்து ஆண்டுகள் நடத்தி 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வென்றதை எத்தனை பேர் சொல்கிறோம்?

ஒரு வட்டம் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கினால் போதும். விடுதலையில் முடிந்த ஒரு வன்கொடுமைத் தீர்ப்பை எடுத்து, எந்தக் காகிதத்தில் வழக்கு நழுவியது என்று வரி வரியாகத் தேடுங்கள். பிறகு அதே சம்பவத்துக்கு ஆளுக்கு ஒரு புகார் எழுதுங்கள். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் சிவப்பு மையால் திருத்தட்டும். ஒருவர் இன்ஸ்பெக்டராக உட்கார்ந்து கத்தட்டும், மற்றவர் புகாரைத் திருப்பி வாங்காமல் நிற்கப் பழகட்டும். பெண்கள் பாதிக்கு மேல் இருக்கட்டும். பாலியல் வன்கொடுமையில் பாதிக்கப்பட்டவர் முதலில் வாய்திறப்பது அவர்களிடம்தான்.

பயிற்சிக்கு வருகிறவர் ஒரு நோட்டு வைத்திருக்க வேண்டும். நிலையத்துக்குப் போன தேதி, நேரம், பேசிய அதிகாரியின் பெயர், அவர் சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள், தபால் ரசீது எண். அன்றன்றைக்கே, பேனாவால்.