மலைப்பாதை பிக்கப்பில் ஏ.சி. கம்ப்ரஸர் போனால்...

கேள்வி: 'காபி, மிளகு ஏற்றிக்கொண்டு சேலம் இறங்கும் பிக்கப் வண்டி. வாங்கிப் பதினைந்து வருடம் ஆகிறது. ஏ.சி. கம்ப்ரஸர் கடகடவென்று சத்தம் போடுகிறது. மொத்தமாக மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஏற்காட்டுக் குளிருக்கு ஏ.சி. எதற்கு, அப்படியே விட்டுவிடலாமா?'
- வாசகர், ஏற்காடு.

பதில்: ஏ.சி.யை விட்டுவிடலாம், அந்தச் சத்தத்தை விடக்கூடாது.

ஏ.சி. அணைந்திருந்தாலும் கம்ப்ரஸரின் புல்லி எஞ்சினோடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதன் பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்துவிடும். சில வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங் எல்லாவற்றையும் ஓட்டுகிறது. பல பழைய டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப்பும் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும். சேலம் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு இறங்கும்போது இப்படி ஆனால், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். தனி பெல்ட் என்றாலும், அறுந்த துண்டு பக்கத்து பெல்ட்டில் சிக்கலாம். எனவே பானெட்டைத் திறந்து, எந்த பெல்ட் எதை ஓட்டுகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

அடுத்து, சத்தம் எப்போது வருகிறது? ஏ.சி. போடாதபோதே வந்து, போட்டதும் அடங்கினால் பெரும்பாலும் புல்லி பேரிங்தான். அதை மட்டும் மாற்றினால் போதும், செலவும் குறைவு. ஏ.சி. போட்டதும் சத்தம் வந்தால் கோளாறு கம்ப்ரஸருக்குள் இருக்கலாம். சத்தமே இல்லாமல் கிளட்ச் மட்டும் ஒட்டவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, கேஸ் அளவு ஆகியவற்றைப் பார்க்காமல் கம்ப்ரஸரில் கை வைக்க வேண்டாம். கேஸ் குறைந்தால் பிரஷர் ஸ்விட்ச் கிளட்சை ஒட்டவிடாது.

உள்ளே பழுது என்று உறுதியானால், கம்ப்ரஸரை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. தேய்ந்த உலோகத்தூள் குழாய் முழுக்கப் பரவியிருக்கும். பழைய எண்ணெய் கறுப்பாக, மினுமினுப்போடு இருந்தால் அதுதான் அடையாளம். குழாய்களைக் கழுவி, டிரையரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் ஓ-ரிங்குகளையும் சேர்த்து மாற்ற வேண்டும். மெல்லிய துளைகள் கொண்ட கண்டென்ஸரைச் சுத்தமாகக் கழுவ முடியாது. அதையும் மாற்றுவதே நல்லது. இதை மிச்சம் பிடித்தால் புதுக் கம்ப்ரஸரும் சீக்கிரம் போய்விடும்.

உங்கள் வண்டியின் வயதுக்கு அதில் இருப்பது ஆர்-134ஏ கேஸ். அதை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். கைக்குக் குளிர் தெரிகிறதா என்று பார்த்து ஏற்றக்கூடாது. விலை குறைவு என்று எரியும் தன்மையுள்ள கேஸை ஏற்றச் சம்மதிக்காதீர்கள். ஹோஸை நீங்களே கழற்றவும் வேண்டாம். பீறிடும் கேஸ் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

ஏற்காட்டிலேயே வேலை நடந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். கேஸ் ஏற்றுமுன் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சுவார்கள். சேலத்தில் வேக்குவம் மீட்டர் முள் ஏறத்தாழ 29 அங்குலம் வரை போகும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே குறைவு என்பதால் 25 அங்குலத்துக்கு அருகிலேயே நின்றுவிடும். அதைக் கசிவு என்று நினைத்து நல்ல குழாயை மாற்றிவிட வேண்டாம். பம்ப்பை நிறுத்திய பிறகு முள் இறங்குகிறதா என்பதே கசிவுக்கான சோதனை.

குளிருக்கு ஏ.சி. எதற்கு என்றால், பனிமூட்டத்தில் கண்ணாடியின் உட்புறம் படியும் ஆவியைப் போக்க அதைவிடச் சீக்கிரமான வழி இல்லை. ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும். ஹீட்டரும் அந்த வேலையைச் செய்யும், கொஞ்சம் தாமதமாக. விடியற்காலையில் இறங்குகிறவர் என்றால் ஏ.சி.யைச் சரிசெய்வதே நல்லது. பகலில் மட்டும் ஓட்டுகிறீர்கள், கையில் பணமும் இல்லை என்றால், கம்ப்ரஸரை விலக்கிவிட்டு, தனி பெல்ட்டாக இருந்தால் அதைக் கழற்றிவிடலாம். ஒரே பெல்ட் என்றால் அந்த இடத்தில் வெறும் புல்லி பொருத்தச் சொல்லுங்கள். கழற்றும் முன் கேஸை மெஷினில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காற்றில் விட்டால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் பொருள் அது.

சரிசெய்தால், மார்கழிக் குளிரிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏ.சி.யை ஓட்டுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் விட்டால் எண்ணெய் சுற்றாமல் ஷாஃப்ட் சீல் காய்ந்து, கேஸ் கசியத் தொடங்கும். மலை வண்டிகளில் கம்ப்ரஸர் கெட இதுவும் ஒரு காரணம்.