பின்வாங்கியவன் கோழையா?



'புறமுதுகு காட்டியவனுக்கு வரலாற்றில் இடமில்லை' என்று என் பழைய மாணவர் ஒருவர் நேற்று ஒரு படம் பகிர்ந்திருந்தார். அதற்கு லைக் போட்டவர்களில் பாதிப் பேர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். அப்படியானால் தவறில் எனக்கும் பங்குண்டு. 'வென்றவர் யார், தோற்றவர் யார்' என்று ஒரு மதிப்பெண் கேள்வியாகவே போரைக் கேட்டுக் கேட்டுப் பழக்கியவன் நான்தான். இன்று அதைத் திருத்திக்கொள்கிறேன்.

1942 ஜூலை 21. பப்புவாவின் வடகரையில் ஜப்பானியப் படை இறங்கியது. ஓவன் ஸ்டான்லி மலையைக் கடந்து போர்ட் மோர்ஸ்பியைப் பிடிப்பது அவர்கள் திட்டம். நடுவில் இருந்தது கொக்கோடா பாதை. சுமார் 96 கிலோமீட்டர் சேறும் செங்குத்தும். முதலில் எதிர்கொண்டது பப்புவா காலாட்படையும் ஆஸ்திரேலியாவின் 39ஆவது பட்டாலியனும். இந்த 39இல் பலர் மீசை முளைக்காத பையன்கள். வெயில் பட்டால் உருகிவிடும் 'சாக்லேட் சிப்பாய்கள்' என்று சொந்த நாட்டிலேயே கேலி செய்யப்பட்டவர்கள்.

ஆகஸ்ட் கடைசியில் இசுரவாவில் தங்களைவிடப் பெரிய படையை எதிர்த்து நின்றார்கள். உதவிக்கு 21ஆவது பிரிகேடு வந்தது. அதன் தளபதி ஆர்னால்ட் பாட்ஸ், முழுப் படையையும் அழியக் கொடுக்காமல், ஒவ்வொரு மேட்டிலும் அடித்துவிட்டுப் பின்வாங்கினார். ஜப்பானியர் முன்னேற முன்னேற அவர்களுடைய உணவுப் பாதை நீண்டது, அரிசி தீர்ந்தது. குவாடல்கனாலிலும் நெருக்கடி. செப்டம்பர் கடைசியில் இயோரிபைவா மேட்டிலிருந்து அவர்களே திரும்பினார்கள். நவம்பர் 2இல் கொக்கோடா மீட்கப்பட்டது.

பாட்ஸுக்குக் கிடைத்த பரிசு என்ன? அக்டோபரில் பதவி நீக்கம். பிரிஸ்பேனில் தலைமையகம் வைத்திருந்த மெக்ஆர்தருக்கு, ஆஸ்திரேலியர்கள் சரியாகப் போரிடவில்லை என்று எண்ணம். நவம்பர் 9இல் ஜெனரல் பிளேமி அந்த பிரிகேடை கொய்டாகியில் அணிவகுக்க வைத்து, ஓடுகிற முயல்தான் சுடப்படும் என்ற பொருள்படப் பேசினார். மலேரியாவோடும் வயிற்றுப்போக்கோடும் போரிட்டவர்களிடம், அந்தச் சேற்றில் நடக்காதவர் சொன்ன சொல் இது. அதே மாதம் அவர்கள் கோனா போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். பலர் திரும்பவில்லை.

இந்தக் கதையிலும் விடுபடுகிறவர்கள் இருக்கிறார்கள். சுமை தூக்கிய பப்புவா மக்கள். காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் வைத்து, வழுக்கும் மலைச்சரிவுகளில் சுமந்து இறக்கியவர்கள். 'தேவதைகள்' என்று பாராட்டினார்கள், சரி. ஆனால் அவர்களில் பலர் விரும்பி வந்தவர்கள் இல்லை. 1942 ஜூனில் போட்ட உத்தரவின்படி கட்டாயமாகப் பிடித்து வரப்பட்டவர்கள். ஆஸ்திரேலிய அரசு அவர்களுக்கு நினைவுப் பதக்கம் தரத் தொடங்கியது 2009இல்! அதற்குள் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்?

'தலைவன் சரியாக இருந்தால் வெற்றி' என்று எனக்குப் பதில் எழுத வேண்டாம். இங்கே உயரத்தில் இருந்த தலைவர்கள்தான் தவறாகக் கணித்தார்கள். அந்தத் தவறைச் சுமந்தவர்கள் சேற்றில் நின்றவர்கள். சுமார் 625 ஆஸ்திரேலியர்கள் அந்தப் பாதையில் இறந்தார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் அந்தப் படம் கோழை என்கிறது.

தம்பி, உன்மேல் கோபமில்லை. அந்தப் படத்தை எடுத்துவிடு. மறுப்பு இருந்தால் எழுது, பதில் சொல்கிறேன். மற்றவர்கள் லைக் போடுவதற்குமுன் ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.