நம் மலையை நாம் படிக்க வேண்டாவா?

கல்லூரியில் நிலவியல் பயிலப் புகும் மாணவன், இயற்கைப் பேரிடர்கள் என்னும் பகுதியைத் தொடக்கத்திலேயே படிக்கின்றான். வெசுவியசு எரிமலை பாம்பெயி நகரைப் புதைத்ததும், 1906இல் சான் பிரான்சிசுகோ குலுங்கி எரிந்ததும் அவனுக்கு நெட்டுரு. அவையும் அறியத் தக்கவையே. அறிவுக்கு வேலி இல்லை. ஆயின், தேனி தொடங்கிச் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என நீளும் பள்ளத்தாக்கில் பிறந்த ஒரு மாணவனை நோக்கி, "உன் வீட்டுக்கு மேலே நிற்கும் மலை என்ன கல்லால் ஆயது? எந்தச் சரிவு மழைக்கு வழுக்கும்? எந்த ஓடை பெருகினால் எத்தெரு மூழ்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். அவன் வாய் திறவான். பிழை அவனுடையதன்று, அயல்நிலத்தை அயன்மொழியில் ஊட்டிவிட்டு, காலடி மண்ணைக் காட்டாது விட்ட கல்வி முறையினுடையது.

காலடி மண்ணை அறியாமைக்கு நாம் கொடுத்த விலை சிறிதா?

2018 மார்ச்சு 11 அன்று போடியை அடுத்த குரங்கணி மலையில், காய்ந்த புல்வெளியில் மூண்ட தீ மலையேறச் சென்றிருந்தோரைச் சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் பலர் இளம்பெண்கள். சரிவில் ஏறும் தீ, தனக்கு மேலேயுள்ள புல்லை முன்னரே காய்ச்சி உலர்த்திவிடுகின்றது. ஆகவே தட்டை நிலத்தினும் பன்மடங்கு விரைந்து ஏறுகின்றது. தீக்கு மேலே மேட்டை நோக்கி ஓடுவது சாவை நோக்கி ஓடுவதாகும். வகுப்பறையில் ஒரு மணிநேரத்தில் உணர்த்தக் கூடிய உண்மை இது.

போடிமெட்டு ஏறி மூணாற்றுக்கு அப்பால் சென்றால் பெட்டிமுடி. 2020 ஆகத்து 6 இரவு, பெருமழையில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத்தின் 'இலயம்' எனப்படும் வரிசை வீடுகளை மூடியது. எழுபதின்மர் மாண்டனர். அவர்கள் தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் குழந்தைகளுமே. மின்னும் தொலைபேசியும் அற்றுப் போனமையால் செய்தி வெளியே வர விடிய வேண்டியிருந்தது. கடும்பாறையின் மேல் தளர்ந்த மண் போர்வைபோற் கிடக்கின்றது. மழைநீர் அதன் இடுக்கெல்லாம் நிரம்பும்போது, மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி நெகிழ்கின்றது. முடிவில் சரிவே நழுவி இறங்குகின்றது. நழுவுமுன் நிலம் குறி காட்டுவதும் உண்டு. தரையில் புதிய வெடிப்பு, சாயும் மரம், இல்லாத இடத்தில் திடுமெனப் பொங்கும் ஊற்று, கலங்கி வரும் அல்லது திடுமென வற்றும் ஓடை ஆகியன அக்குறிகள். இவற்றைப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஊருக்கு ஒருவராவது இருக்க வேண்டாவா?

இங்கே நிலவியலின் முதற்பாடம் ஒன்றைத் தெளிவாக்குவோம். மழை இயற்கை, சரிவு இயற்கை. ஆனால் சரிவின் அடியில், ஓடையின் ஓரத்தில், கூலிக்காரனுக்கு வீடு கட்டியது இயற்கையன்று! இடர் இயற்கையால் வருவது. அதனைப் பேரிடர் ஆக்குவது மாந்தன் செய்யும் ஏற்பாடு. எல்லாவற்றையும் இயற்கையின் தலையில் ஏற்றிவிட்டுக் கைகழுவுவோரிடம் கேள்வி கேட்கவும் இவ்வறிவே துணை.

பள்ளத்தாக்கின் உயிர்நாடியான பெரியாற்று அணைக்கு வருவோம். 1887 முதல் 1895 வரை கல்லும் சுண்ணாம்புச் சுருக்கிச் சாந்தும் கொண்டு கட்டப்பெற்ற அணை அது. மேற்கே ஓடிய நீரைக் குகைவழி கிழக்கே திருப்பி, கம்பம் முதல் இராமநாதபுரம் வரை வயலை நனைப்பது. 1979இல் அணை உடையும் என்னும் அச்சம் கேரளத்தில் கிளப்பப்பட்டு, நீர்மட்டம் 136 அடியாகத் தாழ்த்தப்பட்டது. வலுப்படுத்தும் பணிகள் முடிந்த பின்னரும், 142 அடி உரிமைக்கு உச்ச நயன்மன்றத்தின் தீர்ப்பை 2006இலும், மீண்டும் 2014 மே 7 அன்றும் பெற வேண்டியிருந்தது. இடையில் 2011 திசம்பரில் பள்ளத்தாக்கின் மக்கள் பல்லாயிரவராய்க் குமுளியை நோக்கித் திரண்டனர். அவர்தம் உணர்ச்சியை வணங்குகின்றோம். ஆனால், "நிலம் நடுங்கினால் அணை என்னாகும்?" என்னும் கேள்விக்கு உணர்ச்சி மட்டும் விடையாகுமா?

விடைக்கு அறிவு வேண்டும். 2000 திசம்பர் 12 அன்று கேரளத்து ஈராற்றுப்பேட்டைப் பக்கத்தில் நேர்ந்த நடுக்கம் அளவையில் ஏறத்தாழ 5. அடுத்த மாதமே குசராத்தைச் சிதைத்தது ஏறத்தாழ 7.7. எண்ணிற் சிறிய வேறுபாடுதானே என்று தோன்றும். அளவை ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகும் என்று கற்றவனுக்கோ, பின்னது முன்னதினும் பதினாயிரம் மடங்கு பெரிது என்பது விளங்கும். அதேபோழ்து, தென்னாட்டு மேட்டுநிலம் அசையாதது என்று உறங்கிவிடவும் கூடாது. 1967 திசம்பர் 11 அன்று மராட்டியத்துக் கொய்னாவில் நிலம் நடுங்கியது. தேக்கிய நீரே நடுக்கத்தைத் தூண்டக் கூடும் என்பதை உலகுக்கு உணர்த்தியது. இவ்விரண்டையும் அறிந்தவன் வீணே அஞ்சவும் மாட்டான். வீணே அச்சுறுத்தப்படவும் மாட்டான். நம் உரிமை வழக்கை நாமே எடுத்துரைக்கும் அறிஞர் நம் பள்ளத்தாக்கிலிருந்தே எழ வேண்டும்.

இவ்வறிவு எம்மொழியில் வர வேண்டும்? "அறிவியலைத் தமிழிற் படித்தால் உலகோடு ஒட்ட முடியுமா?" என்பார் உளர். அவர்க்கு ஒன்று சொல்வோம். 2004 திசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது, நம் செய்தித்தாள்கள் 'சுனாமி' என்று எழுதின. அது சப்பானியன் தன் நாட்டு இடருக்குத் தன் மொழியில் இட்ட பெயர். தன் மொழியிலேயே அதனை ஆய்ந்தான். உலகம் அவன் சொல்லைக் கடன் கொண்டது! நம்மிடமோ 'கடற்கோள்' என்னும் பழஞ்சொல் இருந்தது, ஏட்டில் உறங்கியது. கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்னும் அறிவு அச்சொல்லோடு ஊர்தோறும் வாழவில்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ எண்ணாயிரவர் மாண்டனர். அதே நாளில், நடுக்கத்தின் வாயிலிலேயே கிடந்த சுமத்திரா அருகுச் சிமெலுவே தீவில், எழுபதாயிரத்திற்கும் மேற்பட்ட மக்களுள் மாண்டவர் எழுவரே என்பர். 1907இல் பட்ட அடியைச் 'சுமோங்' என்னும் தம் மொழிச் சொல்லில் பொதிந்து, பாட்டி பேரனுக்குச் சொல்லி வந்தனர். அச்சொல் கேட்டதும் மேட்டுக்கு ஓடினர். ஒரு சொல் ஒரு தீவைக் காத்தது!

இன்னொன்றும் கேளுங்கள். நம் மேற்கு மலைகளிற் பெரும்பகுதி 'சார்னோகைட்டு' என்னும் கடும்பாறை. யாரிந்தச் சார்னோக்கு? கல்கத்தாவிற் புதைக்கப்பட்ட ஆங்கில வணிகக் குழுமத்தான். அவன் கல்லறைக்குப் பயன்பட்ட கல் சென்னையை அடுத்த பல்லாவரப் பக்கத்துக் கல். 1893இல் ஆலந்து என்னும் ஆங்கில நிலவியலார் அவன் பெயரையே அக்கல்லுக்குச் சூட்டினார். மறைமலையடிகள் வாழ்ந்து தனித்தமிழ் வளர்த்த அதே பல்லாவரம்! நம் கல்லை நாம் ஆராயாது விட்டோம், ஆராய்ந்தவன் பெயரிட்டான். அவனை நோவதிற் பயன் என்ன?

ஆதலின் நாம் கேட்பவை இவை. தேனி மாவட்டக் கல்லூரிகளில் முதலாண்டு நிலவியல் வகுப்பு, போடிமெட்டுச் சாலையின் வெட்டுமுகத்திலும் வருசநாட்டு ஓடைக் கரையிலும் வையை அணைக் கரையிலும் நடக்கட்டும். மாணவன் ஒவ்வொருவனும் தன் ஊரின் இடர்ப்படம் ஒன்று வரையட்டும். முதியோரைக் கேட்டு, எந்த ஆண்டு வெள்ளம் எந்தத் திண்ணை வரை ஏறியது என்று குறிக்கட்டும். கலைச்சொற்கள் தமிழில் வழங்கட்டும். மழை எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறம் சொல்லி நிறுத்தாது, எவ்வூரார் எப்போழ்து எங்கே செல்ல வேண்டும் என்று நல்ல தமிழில் அறிவிக்கட்டும். தோட்டத்து மூதாட்டிக்கு விளங்காத எச்சரிக்கை எச்சரிக்கையன்று.

பேராசிரியப் பெருமக்களே, மாணவ இளைஞரே! அரசாணை வரும் வரை காத்திருக்க வேண்டா. அடுத்த மழைக்கு முன் ஒரு மலைச்சரிவை, ஓர் ஓடையை, ஓர் ஊரை எடுத்துக்கொண்டு படியுங்கள். படித்ததை அவ்வூர் மன்றில் நின்று தமிழிற் சொல்லுங்கள். மலை நம்மை எச்சரித்தால் அதனைப் படிக்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.