மீன் தொட்டியும் தண்ணீர்க் குடமும்

சென்னைக் கொளத்தூர்ப் பகுதியில் அலங்கார மீன் வளர்ப்பு ஒரு குடிசைத் தொழிலாகவே வேரூன்றியுள்ளது. நம் அங்கத்தினர் சிலரும் தறிக்கும் வயலுக்கும் துணைத்தொழிலாக அதனை மேற்கொள்ள விழைகின்றனர். வரவேற்கத்தக்கதே. ஆயினும், தொட்டி வாங்கக் கடன் கேட்போர் தண்ணீர் மாற்றும் பாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா பிறக்கிறது. வாரந்தோறும் கால்பங்கு நீரையேனும் மாற்றாவிடில், போட்ட முதலும் மீன்களோடு மிதக்கும். குடம் சுமப்போரோ பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்.

இதற்கு மோட்டாரும் விலையுயர்ந்த கடைச் சாமானும் வேண்டும் என்பதை நாம் ஒப்பவில்லை. அடிப்பாகம் அறுத்த ஒரு பிளாஸ்டிக் புட்டி, அதன் கழுத்தில் இறுகப் பொருந்தும் ரப்பர் குழாய், இவை போதும். இரண்டையும் தொட்டி நீரில் அமிழ்த்தி நிரப்பி, குழாயின் முனையைக் கட்டைவிரலால் அடைத்து வெளியே எடுத்துத் தொட்டிக்குக் கீழே தாழ்த்தித் திறந்தால் நீர் தானே இறங்கும். அகன்ற புட்டிக்குள் நீரின் வேகம் குறைவதால் கூழாங்கற்கள் திரும்ப வீழும். இலேசான அழுக்கு வெளியேறும். வாயால் உறிஞ்சுதல் அருவருப்பு மட்டுமன்று, தீங்குமாகும். புதுநீருக்குக் குழாய் பொருத்திய பீப்பாயை மேடைமேல் வைத்தல் நன்று. குளோரின் கலந்த நீராயின் ஒருநாள் திறந்துவைத்தல் வேண்டும்.

சாயம் காய்ச்சிய அண்டாவையும் பூச்சிமருந்து கலக்கிய வாளியையும், எத்தனை முறை கழுவியிருப்பினும், இவ்வேலைக்குத் தொடாதீர்கள். கழித்த நீர், உப்பிடாததாயின், கத்தரிப் பாத்திக்கு நல்ல உரம்.

கடன் மனுவைப் பரிசீலிக்கும் நிர்வாகிகள், மனுதாரர் வீட்டில் பீப்பாய் வைக்க இடமும் கழிவுநீர் ஓட வழியும் உண்டா என்பதை முதலில் கேட்பாராக.