சிரித்தவர்கள்தான் போய் உட்கார்ந்தார்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

2021 டிசம்பர் கடைசியில் நம் செங்கல்பட்டைப் பற்றித் தமிழ்நாடே பேசியது ஞாபகம் இருக்கிறதா? அன்னபூரணி அரசு அம்மாவின் காலில் மக்கள் விழுந்து அழும் வீடியோ. புத்தாண்டு அன்று அவர் நடத்தவிருந்த நிகழ்ச்சிக்குக் காவல்துறை அனுமதி தரவில்லை. கொளவாய் ஏரிப் பக்கம் காலையில் நடந்துவிட்டு டீ குடிக்கிற எங்கள் பென்ஷன் கூட்டம் ஆறு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மீம்ஸ் அனுப்பிக்கொண்டோம். "படிக்காத ஜனங்க சார்" என்றார் ஒரு நண்பர்.

இரண்டு வருடம் கழித்து அதே நண்பர் மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில், ஒரு ஹீலர் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அங்கே வேப்பிலை இல்லை, உடுக்கை இல்லை. வெள்ளைச் சட்டை, நல்ல இங்கிலீஷ், வாயைத் திறந்தால் எனர்ஜி, வைப்ரேஷன். உடம்பில் படாமல் நாலு விரல் தள்ளிக் கையை ஓட்டுவார். சாமியாடினால் நமக்குச் சிரிப்பு வருகிறது; அதையே இங்கிலீஷில் சொன்னால் செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போகிறோம்.

முதலில் போனவர் முழங்கால் வலிக்காரர். குறைந்துவிட்டது என்றார். முழங்கால் வலி ஏறும், இறங்கும். தாங்க முடியாத அன்றுதான் நாம் வைத்தியம் தேடிப் போவோம். அடுத்த வாரம் அது தானாகவே இறங்கியிருக்கும். வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தந்தவர்கள் நாங்கள். மூன்று மாதத்தில் ஆறு பேரில் நாலு பேர் போனார்கள்.

'படிக்காத ஜனங்க' என்று சொன்ன நண்பருக்குப் பதினெட்டு வருடச் சர்க்கரை. "மாத்திரைதான் உங்க நோய்" என்றாராம் ஹீலர். இவர் நிறுத்திவிட்டார். முதல் சில வாரம் உடம்பு லேசாக இருப்பதாகச் சொன்னார். சர்க்கரை ஏறும்போது வலிக்காது, அதுதான் அதன் சூது. பல வருடச் சர்க்கரையில் காலும் மரத்துப்போகும். செருப்பு கடித்த புண் அவருக்குத் தெரியவே இல்லை. தெரிந்தபோது புண்ணில் நாற்றம் வந்துவிட்டது. பயந்துபோய் நண்பர்களைக் கேட்டார். "கெட்டதெல்லாம் வெளியே போகுது சார், பயப்படாதீங்க" என்று பதில் வந்தது. கடைசியில் அரசு மருத்துவமனையில் இரண்டு கால்விரல்களை எடுத்த பிறகுதான் உயிர் தப்பியது.

கவனியுங்கள். அந்த வாக்கியத்தைச் சொன்னது ஹீலர் இல்லை. நாற்பது வருடம் கூடப் பழகிய நண்பர்கள். ஹீலருக்கு இருந்தது ஒரு வாய். மீதி வாய்களை நாங்கள் கொடுத்தோம். முன்பின் தெரியாத ஆளை என் நண்பர் நம்பவில்லை. எங்களை நம்பினார். நான் போகவில்லை, ஆனால் 'எதுக்கு வம்பு' என்று வாயை மூடிக்கொண்டு டீ குடித்தேன். என் பங்கும் இதில் உண்டு.

கூட்டம் எவ்வளவு பலமானது என்று பாருங்கள். திருச்சி பிரேமானந்தா 1994-ல் கைதானார். பாலியல் வன்கொடுமை, கொலைக் குற்றங்களுக்காகப் புதுக்கோட்டை நீதிமன்றம் 1997-ல் இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. 2005-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2011-ல் தண்டனைக் கைதியாகவே இறந்தார். பக்தர் கூட்டம் மட்டும் கலையவே இல்லை. நம்பிக்கையை விடுவதென்றால் நண்பர்களையும் விட வேண்டும். அது யாருக்குச் சுலபம்?

"நம்பிக்கை தனிப்பட்ட விஷயம் சார்" என்பீர்கள். நானும் திருக்கழுக்குன்றம் மலை ஏறுகிறவன்தான். சாமி கும்பிடுங்கள், மாத்திரையும் போடுங்கள். மந்திரம், தாயத்து என்று சொல்லிச் சர்க்கரை, புற்றுநோய் எல்லாம் குணமாகும் என விளம்பரம் செய்வது 1954-ஆம் வருடச் சட்டப்படியே குற்றம். யாழ்ப்பாணத்தில் வாத்தியாராக இருந்த ஆபிரகாம் கோவூர், ஏமாற்ற வழியில்லாத இடத்தில் ஓர் அற்புதம் செய்து காட்டினால் ஒரு லட்ச ரூபாய் என்று 1963-ல் சவால் விட்டார். 1978-ல் அவர் இறக்கும்வரை ஒருவர்கூட அந்தப் பணத்தை வாங்கவில்லை.

இனி உங்களிடம் வருகிறேன், பிள்ளைகளா. "அங்க என்னய்யா இருக்கு?" என்று நண்பரைக் கேட்டேன். "சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களான்னு கையைப் பிடிச்சிக் கேட்பாரு சார்" என்றார். டாக்டருக்கு அதற்கு நேரமில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம். அந்தக் காலி இடத்தில்தான் ஹீலர் வந்து உட்கார்கிறார்.

ஆகையால் இன்று ராத்திரி உங்கள் அப்பா அம்மாவுக்குப் போன் செய்யுங்கள். சாப்பிட்டார்களா என்று கேளுங்கள். பிறகு மாத்திரை போட்டார்களா என்று கேளுங்கள். ஊருக்குப் போனால் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறது. 'சர்க்கரை நிரந்தரமாகக் குணமாகும்' என்று எந்த ஃபார்வர்டு வந்தாலும் உங்கள் கையோடு நிறுத்துங்கள். நீங்கள் அனுப்பினால் அது உங்கள் வாக்காகத்தான் போய்ச் சேரும்.

நண்பர் இப்போது கைத்தடியோடு நடக்க வருகிறார். அவர் வேகத்துக்கு நாங்களும் மெதுவாக நடக்கிறோம். கூட்டத்தில் இரண்டு பேர் இன்னும் மாமல்லபுரம் போகிறார்கள். இதைப் படித்த பிறகு அவர்கள் என்னோடு டீ குடிக்க மாட்டார்கள். இரண்டு வருடம் முன்பே நான் இழந்திருக்க வேண்டிய டீ அது.

உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்