ஊனமும் முன்ஜென்மப் பாவமும்

ஒரு வீட்டில் கண் தெரியாத குழந்தை பிறந்துவிட்டால், டாக்டர் வருவதற்கு முன் அங்கு வந்து சேருவது "முன்ஜென்மப் பாவம்" என்கின்ற பேச்சேயாகும். அடுத்தாற்போல் தாயின் ஜாதகம் வருகின்றது. பிறகு பரிகாரம், அதற்கொரு தட்சணை. குழந்தைக்குக் கண் வந்ததோ இல்லையோ, புரோகிதனுக்கு வயிறு நிறைந்ததில் சந்தேகமில்லை.

இந்தப் பாவக் கணக்கின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம். மனுதர்மம் 11-வது அத்தியாயத்தில், குதிரை திருடினவன் நொண்டியாவான் என்றும், சொல்லைத் திருடினவன் ஊமையாவான் என்றும் எழுதி வைத்திருக்கின்றார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்ளுவோம். 1995-ல் இந்தியா முழுவதும் இளம்பிள்ளை வாதத்திற்குச் சொட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். 2011 ஜனவரியில் வங்காளத்தில் ஒரு குழந்தைக்குக் கண்டதற்குப் பின், இயற்கையாய்ப் பரவும் அக்கிருமியால் இந்நாட்டில் ஒரு குழந்தைக்கும் வாதம் கண்டதாகக் கணக்கில்லை. அப்படியானால் குதிரைத் திருடர்கள் எல்லாம் எங்கே போனார்கள்? 2 சொட்டு மருந்தில் ரத்தாகிவிடக் கூடியது ஈசுவரனுடைய தீர்ப்பாய் இருக்க முடியுமா? அசுத்தத் தண்ணீரில் வந்த கிருமிக்கு ஏதுமறியாத குழந்தையைத் திருடனாக்கினார்கள் என்பதுதானே மிச்சம்?

இக்கதையைக் கட்டினவர்களுக்கு லாபமில்லாமலுமில்லை. அதே மனு 9-வது அத்தியாயம் 201-வது சுலோகத்தில், பிறவிக் குருடர், செவிடர், ஊமை, பைத்தியம் ஆகியவர்களுக்குச் சொத்தில் பங்கில்லை என்கின்றார். சோறும் துணியும் போட்டால் போதுமாம். பாவி என்று சொல்லிவிட்டால்தானே அண்ணன் தம்பிகள் அவன் பங்கை வெட்கமில்லாமல் பிரித்துக்கொள்ளலாம்? 1928-ல் செய்த சட்டங்கூட, பிறவியிலேயே புத்தி சுவாதீனமில்லாதவர்களை வெளியே தள்ளிவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பங்கு கொடுத்தது. நோயோ ஊனமோ பங்கைத் தடுக்காது என்றானது 1956-ன் இந்து வாரிசுச் சட்டத்தில்தான்.

இப்போது வேறொரு வேடிக்கை நடக்கின்றது. 2015 டிசம்பரில் பிரதமர் மோடி அவர்கள் இவர்களைத் "திவ்யாங்", அதாவது தெய்வீக அங்கமுடையோர் என்று அழைக்கச் சொன்னார். நேற்றுப் பாவி, இன்று தெய்வம்! மனிதன் என்று சொல்ல மாத்திரம் வாய் வரவில்லை. தெய்வமென்றால் ஒரு கும்பிடோடு போய்விடும். மனிதனென்றாலோ பள்ளிக்கூடம் வேண்டும், உத்தியோகம் வேண்டும், ஏறக்கூடிய பஸ் வேண்டும்.

2016-ன் சட்டம் ஆட்டிசம் உள்பட 21 வகைகளை ஒப்புக்கொண்டிருக்கின்றது. ஆட்டிசம் மூளை வளரும் விதத்திலுள்ள வித்தியாசமேயன்றிப் பேயுமல்ல, தாயின் வளர்ப்புக் குற்றமுமல்ல. அப்படியிருந்தும் 2019 டிசம்பர் 26-ந் தேதி கிரகணத்தன்று, கர்நாடகத்தில் கலபுரகி பக்கத்தில், குணமாகுமென்று நம்பி ஊனமுள்ள குழந்தைகளைக் கழுத்துவரை மண்ணில் புதைத்தார்கள். இது இந்து மதத்திற்கு மாத்திரம் சொந்தமான மௌடீகமுமல்ல. தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டு, ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் 2001 ஆகஸ்டு 6-ந் தேதி தீயில் வெந்து மாண்டார்கள். சங்கிலி இருந்ததால் ஓட முடியவில்லை.

நிற்க, நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. எதிரியைத் தாக்க மேடையில் "குருடன்", "செவிடன்", "பைத்தியக்காரன்" என்று பேசுவது நம்மவர்களிலும் சிலருக்கு வழக்கமாயிருக்கின்றது. எதிரியின் அயோக்கியத்தனத்திற்குக் கண் தெரியாதவர் என்ன செய்தார்? மாநாட்டு மேடைகளுக்கோ படி மாத்திரந்தான். நடக்க முடியாத தோழரைத் தூக்கி ஏற்றிவிட்டுக் கை தட்டுகின்றார்கள். ஒரு சாய்தளத்திற்கு நாலு பலகை போதும். பந்தல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியதுதான்.