அடுப்பு உலர நாள் வேண்டும்

நம் மன்றத்துப் பொங்கல் விழாவுக்கு மண் அடுப்பு எதற்கு, வாடகைக்கு எடுக்கும் எரிவாயு அடுப்புப் போதாதா என்றொரு வாதம் சென்ற பொங்கலுக்குப் பின் கிளம்பியிருக்கிறது. முதலாண்டு மாணவர்கள் போட்ட அடுப்பு விழாவன்று காலையில் பிளந்து போனதே இதற்குக் காரணம். புனே மண்ணில் அடுப்பு நிற்காது என்று சிலர் தீர்ப்பும் கூறிவிட்டார்கள். பிழை மண்ணிலும் இல்லை, அம்மாணவர்களிடத்திலும் இல்லை. விழாவுக்கு 3 நாள் முன்னதாக அவர்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்த செயற்குழுவிடம்தான் இருக்கிறது.

தக்காணத்து எரிமலைப் பாறை சிதைந்து உண்டான கரிசல் இது. நம் கோவில்பட்டிக் கரிசலைப் போலவே நீர் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வாய் பிளக்கும். மராத்தியக் கிராமத்தார் இதை நன்கறிவார்கள். உழும் கருமண்ணைக் ‘காளி’ என்றும், வீடுகள் நிற்கும் வெண்மண் திடலைப் ‘பாண்டரி’ என்றும் பிரித்து வழங்குவது அவர்கள் மரபு. பயிருக்குக் கறுப்பு, சுவருக்கு வெள்ளை!

வெண்மண் அகப்படாவிட்டால் கருமண்ணோடு மணலைத் தாராளமாகச் சேர்க்கலாம், மணல் சுருங்குவதில்லை. நறுக்கிய வைக்கோல் மண்ணை இழுத்துப் பிடிக்கும். எத்தனை பங்கு என்று ஏட்டில் தேட வேண்டியதில்லை. வெவ்வேறு அளவில் நாலைந்து உருண்டை பிடித்து நிழலில் வைத்தால், வெடிக்காத உருண்டையே விடை சொல்லிவிடும். அதற்கே சில நாள் ஆகும்.

பிறகுதான் உலர்த்துவது. இங்கே ஜனவரியில் இரவு 10, 12 டிகிரிக் குளிர்; பகலில் 30-ஐ எட்டும் வறண்ட வெயில். அவ்வெயிலில் ஈர அடுப்பை வைத்தால் மேற்புறம் விரைவில் காய்ந்து சுருங்கும். 4 அங்குலக் கனத்தின் உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். உள்ளே சுருங்காமல் வெளியே மட்டும் சுருங்கினால் பிளவைத் தவிர வேறென்ன வரும்? ஆகவே முதல் வாரம் நிழலும் ஈரச் சாக்கும், பிறகு இளவெயில், கடைசியில் சுள்ளியிட்டுச் சிறு தீ. உள்ளீரம் போகுமுன் பெருந்தீ மூட்டினால் நீர் ஆவியாகிச் சுவரைத் தள்ளும். சென்ற முறை நடந்தது அதுதான். மூன்று வாரமாவது வேண்டும் ஐயா!

புகையைச் சொல்லி மறுப்போரும் உண்டு. அடைத்த அடுக்களையில் நாள்தோறும் விறகு எரிக்கும் பெண்களின் நுரையீரல் கெடுவது உண்மை; அவர்களுக்கு எரிவாயு வந்ததை வரவேற்பவன் நான். திறந்த வெளியில் ஆண்டுக்கொரு நாள் எரியும் அடுப்பை அதனோடு சேர்த்துப் பேசுவது பொருந்தாது.

இதில் பெரிய இழப்பு வேறு. சேற்றை மிதித்து அடுப்புப் போட முன்வந்த மாணவர்கள், கேலிக்குப் பின் மன்றத்துப் பக்கமே வருவதில்லை. வாடகை அடுப்பை வைத்துவிட்டால் இனி வருவோருக்கும் வேலை இராது. வருவார்கள், உண்பார்கள், போவார்கள். பொங்கல் கூட்டத்தை ஜனவரி முதல் வாரத்தில் கூட்டும் வழக்கத்தை விட்டு, மார்கழி பிறக்கும்போதே குழு கூட்டட்டும். அம்மாணவர்களை அழைத்து அவர்களிடமே பொறுப்பை ஒப்படைக்கட்டும். சாக்கு நனைக்க நான் வருகிறேன்.